ரத்தம் சொன்ன பொய் – 3: நான்கு கூட்டல் குறிகள்

1934 நவம்பர். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் தலைவர் தாமஸ் பேரன் சி.பி.எஸ். வானொலியில் பேசுவதாக இருந்தது. மக்களின் உடல்நலம் காக்க அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு. உரை தயார். ஒலிபரப்பு நேரம் நெருங்கும்போது நிலையத்தார் ஒரு நிபந்தனை போட்டார்கள். சிபிலிஸ் என்ற சொல் உரையில் வரக் கூடாது.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பேசுவதற்குப் பேசாமலே இருந்துவிடலாம் என்று பேரன் மறுத்துவிட்டார். அவர் குரலைக் கேட்கக் காத்திருந்தவர்களுக்கு இசைதான் கிடைத்தது.

மேகநோய் என்று நம் ஊரில் தணிந்த குரலில் சொல்லப்பட்ட அதே நோய். அமெரிக்காவிலும் அதன் பெயரைப் பெரியவர்கள் பிள்ளைகளின் காதுபட உச்சரிக்க மாட்டார்கள். பத்திரிகைகள் ‘ரத்தக் கோளாறு’ என்று பூசி மெழுகின. பேரனுக்கு இந்த மௌனத்தின் மேல்தான் கோபம். அவர் கோபம் நியாயமானது. தாயிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டு பிறந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். பார்வை இழந்தவர்கள், புத்தி பேதலித்து மனநல விடுதிகளில் அடைபட்டவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1936-ல் அதிபர் ரூஸ்வெல்ட் பேரனை நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியாக நியமித்தார். அதே ஆண்டு ஜூலையில் ரீடர்ஸ் டைஜஸ்ட் அவருடைய கட்டுரையை வெளியிட்டது. ‘இந்த நோயை ஏன் நாம் ஒழிக்கக் கூடாது?’ என்பது அதன் சாரம். வயது வந்த அமெரிக்கர்களில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்றார். நாடே அதிர்ந்தது. ஒளிந்திருக்கும் நோயாளிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், சிகிச்சை தர வேண்டும், அவர்கள் யாரிடமிருந்து வாங்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று தடம்பிடிக்க வேண்டும் என்றார். தேடுவதற்கு அவர் கையில் இருந்த முக்கியக் கருவி ஒன்று. வாசர்மன் பரிசோதனை.

அந்தக் கருவியில் ஓர் ஓட்டை இருப்பது ஆய்வுக்கூடக்காரர்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

*

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு சிறு முன்கதை. 1906-ல் ஆகஸ்ட் ஃபான் வாசர்மன், ஆல்பர்ட் நைசர், கார்ல் புருக் என்ற மூன்று ஜெர்மானியர்கள் இந்தப் பரிசோதனையை வெளியிட்டார்கள். நோயோடு பிறந்து இறந்த சிசுவின் ஈரலைச் சாறெடுத்து, அதோடு நோயாளியின் ரத்தச் சீரத்தைச் சேர்த்தார்கள். ஈரலில் கிருமி மண்டிக் கிடக்கிறது, நோயாளியின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அந்தக் கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். கேட்க அழகாக இருந்தது. அடுத்த ஆண்டே வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்த விளக்கத்தைச் சாய்த்துவிட்டார்கள். கிருமியே இல்லாத விலங்கின் இதயச் சாற்றை வைத்தும் அதே முடிவு வந்தது. பிறகு உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் மாட்டு இதயத்துக்கு மாறின. விலை குறைவு, தட்டுப்பாடும் இல்லை.

இதன் பொருளை நின்று யோசிக்க வேண்டும். பரிசோதனை கிருமியைத் தேடவில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு செய்த பொருளையும் தேடவில்லை. மாட்டு இதயத்தில் உள்ள ஏதோ ஒரு கொழுப்பைப் பற்றிக்கொள்ளும் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் பார்த்தது. மேகநோய்க்காரர்களின் ரத்தத்தில் அது பெரும்பாலும் இருந்தது. மற்றவர்கள் ரத்தத்தில் பெரும்பாலும் இல்லை. இந்த இரண்டு ‘பெரும்பாலும்’களின் மேல்தான் மொத்தக் கட்டடமும் நின்றது.

ஆய்வுக்கூடத்தில் அது நடந்த விதத்தைப் பார்ப்போம். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற சீரத்தை எடுத்து 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைப்பார்கள். அதில் மாட்டு இதயச் சாறு. அதன்மேல் கினிப்பன்றியின் சீரம். சிவப்பணுக்களை உடைக்கத் துணைசெய்யும் பொருள் ஒன்று அதில் உண்டு. கடைசியாக ஆட்டு ரத்தத்தின் சிவப்பணுக்களும், அவற்றை உடைக்கப் பழக்கிய முயலின் சீரமும். நோயாளியின் சீரம் இதயச் சாற்றைப் பற்றிக்கொண்டால், கினிப்பன்றி கொடுத்த பொருள் அந்தப் பிடியிலேயே செலவாகிவிடும். ஆட்டுச் சிவப்பணுக்கள் உடையாமல் தப்பித்து, குழாயின் அடியில் சிவப்புப் பொட்டாகப் படியும். அதுதான் பாசிட்டிவ். அணுக்கள் உடைந்து குழாய் முழுக்கச் சிவந்த கண்ணாடி போலத் தெளிந்தால் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவில் கலங்கலாக நிற்கும் குழாய்களும் உண்டு. அவற்றைக் கண்ணால் பார்த்து ஒன்று முதல் நான்கு வரை கூட்டல் குறி போடுவார்கள்.

நான்கு விலங்குகள், ஒரு மனிதர், ஒரு லேப் ஊழியரின் கண். சாறு எடுத்த விதம் மாறினால் முடிவு மாறும். ஒரே ரத்தத்தை இரண்டு லேபுகளுக்கு அனுப்பினால் இரண்டு பதில்கள் வருவது வாடிக்கை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1920-களில் நாடுகளின் கூட்டமைப்பான சர்வதேச சங்கம் கோபன்ஹேகனில் ஆய்வுக்கூட நிபுணர்களைக் கூட்டி, ஒரே ரத்த மாதிரிகளைக் கொடுத்துப் போட்டி வைத்துப் பார்த்தது.

இத்தனை நுட்பமான, இத்தனை தடுமாறக்கூடிய ஒரு குழாயின் கையில்தான் அமெரிக்காவின் மாநிலங்கள் கல்யாணங்களை ஒப்படைத்தன.

*

1935-ல் கனெக்டிகட் மாநிலம் முதலில் சட்டம் போட்டது. ரத்தப் பரிசோதனை செய்து, தொற்றும் நிலையில் நோய் இல்லை என்று மருத்துவர் சான்று தந்தால்தான் கல்யாண உரிமம். பல ஜோடிகள் எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அங்கேயும் சட்டம் வந்தது. 1938-ல் நியூயார்க்கும் சேர்ந்தது. அடுத்து கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. பிறகு போர் வந்ததும் படையில் சேர வரும் ஒவ்வொரு இளைஞனுக்கும் பரிசோதனை.

கர்ப்பிணிகளைப் பரிசோதித்ததால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கல்யாணத்துக்கு வரிசையில் நின்றவர்களிடையே, பத்தில் ஒருவர் என்ற பேரனின் கணக்குக்கு மிகமிகக் குறைவாகவே பாசிட்டிவ் வந்தது. சட்டம் போட்டவர்கள் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார்கள். நல்ல சேதிதான். ஆனால் நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் பரிசோதனை நடத்தினால் ஓர் ஆபத்து தானாகவே முளைக்கிறது. கவனமான மருத்துவர்கள் சிலருக்கு அது உறைத்தது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. பரிசோதனை, நோயுள்ள நூறு பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயில்லாத நூறு பேரில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கிறது. மோசமான பரிசோதனை அல்ல. மேகநோய்க்கென்றே உள்ள மருத்துவமனைக்கு வரும் 10,000 பேரில் பாதிப் பேருக்கு நோய் இருக்கட்டும். 4,500 பேர் சரியாக மாட்டுவார்கள், 50 பேர் தவறாக மாட்டுவார்கள். அங்கே பாசிட்டிவ் என்றால் நம்பலாம். இப்போது அதே பரிசோதனையைக் கல்யாணத்துக்கு வந்த 10,000 பேரிடம் செய்யுங்கள். அவர்களில் 100 பேருக்குத்தான் நோய். 90 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். மீதி 9,900 பேரில் 99 பேர் தவறாகப் பிடிபடுவார்கள்.

குழாய் அதே குழாய். ஆனால் இங்கே பாசிட்டிவ் என்று தாள் வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு நோயும் இல்லாதவர்கள்.

அந்த 99 பேரில் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. மருத்துவர் நான்கு கூட்டல் குறி உள்ள தாளை மேசைமேல் வைக்கிறார். யாரோடு பழகினாய் என்று கேட்கிறார். யாரோடும் இல்லை என்கிறாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவருடைய அனுபவம். அவள் மறுக்க மறுக்க, அவள் பொய் சொல்கிறாள் என்பது அவருக்கு உறுதியாகிறது. ரத்தம் பொய் சொல்லாது என்று அவர் படித்திருக்கிறார். கல்யாணமானவளாக இருந்தால் சந்தேகம் கணவன்மேல் போகும், அல்லது கணவனுக்கு அவள்மேல். ‘பிறவியிலேயே வந்திருக்கலாம்’ என்று மருத்துவர் ஆறுதலாகச் சொன்னால், பழி அவளுடைய அம்மாமேல் விழும். செத்துப்போன அப்பாவையும் விடாது. நோய் இல்லை என்று நிரூபிக்க அவளிடம் என்ன இருக்கிறது? அவள் வார்த்தை மட்டும்தான். அந்த வார்த்தைக்குத்தான் இப்போது மதிப்பில்லை.

தாளோடு போகவில்லை, சிகிச்சையும் தொடங்கும். பவுல் எர்லிக்கும் ஜப்பானைச் சேர்ந்த சஹாச்சிரோ ஹாட்டாவும் கண்டுபிடித்து 1910-ல் சந்தைக்கு வந்த 606 என்ற மருந்தும் அதன் வாரிசுகளும் அடிப்படையில் ஆர்சனிக். வாரம் ஒருமுறை நரம்பில் ஊசி. நடுநடுவே பிஸ்மத் என்ற உலோக மருந்தை இடுப்புச் சதையில் ஏற்றுவார்கள். இப்படி மாற்றி மாற்றி ஓராண்டுக்கு மேல். வாந்தி, மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் தோல் உரிதல் வரும். சிலர் செத்தும் போனார்கள். உண்மையில் நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்தைத் தாங்க ஒரு காரணம் இருந்தது. இல்லாதவர்களுக்கு? பென்சிலின் 1943-ல் இந்த நோய்க்குப் பலிக்கும் என்று தெரியும்வரை இதுதான் வழி.

அதே காலத்தில், அதே பொதுச் சுகாதாரத் துறை, அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் நோய் உண்டு என்று தெரிந்த ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சையே கொடுக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கொடுமை தனித் தொடராக எழுத வேண்டியது. இங்கே அதை நினைவுபடுத்துவதற்குக் காரணம், அடுத்து வரப்போகிறவர் ஒரு கறுப்பினத்தவர்.

*

வில்லியம் அகஸ்டஸ் ஹின்டன். 1883-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். ஹின்டன் 1912-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அறுவை மருத்துவராக வேண்டும் என்று ஆசை. பாஸ்டனில் எந்த மருத்துவமனையும் ஒரு கறுப்பருக்கு அந்தப் பயிற்சியைத் தரத் தயாராக இல்லை. கத்தி கிடைக்காதவர் சோதனைக் குழாயைக் கையில் எடுத்தார். 1915-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாசர்மன் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். மாநிலம் முழுவதிலுமிருந்து வரும் ரத்தக் குழாய்கள் அவர் மேசைக்குத்தான் வரும்.

ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை ஹின்டன் மறக்கவில்லை. நோயில்லாதவர்கள் பாசிட்டிவ் என்று முத்திரை குத்தப்பட்டு ஆர்சனிக் ஏற்றிக்கொள்வது அவரை உறுத்தியது. 1927-ல் தன் பெயரிலேயே ஒரு புதிய பரிசோதனையை வெளியிட்டார். ஆடும் கினிப்பன்றியும் முயலும் வேண்டாம். சீரத்தோடு, கொலஸ்டிராலும் கிளிசராலும் சேர்த்த மாட்டு இதயச் சாற்றைக் கலந்து, துகள்கள் திரள்கின்றனவா என்று பார்த்தால் போதும். எளிது, மலிவு. முக்கியமாக, தவறாக மாட்டிக்கொள்கிறவர்கள் குறைந்தார்கள். 1936-ல் அவர் எழுதிய மேகநோய்ப் பாடநூல், ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் எழுதி வெளிவந்த முதல் மருத்துவப் பாடநூல் என்று அறியப்படுகிறது. ஹார்வர்ட் அவருக்குப் பேராசிரியர் பதவி தர 1949 ஆனது. ஓய்வு பெற ஓராண்டுதான் பாக்கி. என் கணிப்பில், இந்த வரலாற்றில் குழாய்க்குப் பின்னால் இருந்த மனிதரை முதலில் பார்த்தவர் ஹின்டன்தான். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லாதது பெரிய குறை.

ஆனாலும் ஹின்டனின் குழாயிலும் இருந்தது மாட்டு இதயம்தான். ஓட்டை சிறியதானது, அடைபடவில்லை.

1941-ல் நியூயார்க் மாநில ஆய்வுக்கூடத்தில் மேரி பேங்போர்ன் என்ற வேதியியலாளர் மாட்டு இதயத்திலிருந்து அந்தக் கொழுப்பைத் தனியே பிரித்தெடுத்தார். கார்டியோலிப்பின் என்று பெயர் வைத்தார். இனி எல்லா லேபுகளும் ஒரே சுத்தமான சரக்கை வைத்து வேலை செய்யலாம். 1946-ல் வந்த வி.டி.ஆர்.எல். பரிசோதனை இந்தக் கார்டியோலிப்பினை வைத்துத்தான். இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு எடுக்கும் ரத்தத்திலும், வளைகுடா வேலைக்குப் போகிறவர் மருத்துவத் தகுதிக்காகக் கொடுக்கும் ரத்தத்திலும் பார்க்கப்படுகிறதே, அதே வி.டி.ஆர்.எல். உங்கள் வீட்டில் யாருக்காவது அது பாசிட்டிவ் என்று வந்தால், யாரையும் கேள்வி கேட்கும் முன் டி.பி.எச்.ஏ. என்ற இரண்டாவது பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அது கிருமிக்கு எதிரான பொருளையே தேடுவது. முதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தில் பேச்சு எழக் கூடாது.

இந்த இரண்டாவது பரிசோதனை என்ற எண்ணம் பிறந்த இடத்துக்குத்தான் இப்போது போகிறோம்.

*

பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. மேகநோய் சிகிச்சையில் அமெரிக்காவிலேயே பெரிய பெயர் ஜோசப் ஏர்ல் மூர். 1933-ல் அவர் எழுதிய சிகிச்சை நூலை வைத்துத்தான் நாடெங்கும் மருத்துவர்கள் ஊசி போட்டார்கள். அப்படிப்பட்டவரையே ஒரு கூட்டம் நோயாளிகள் தொந்தரவு செய்தார்கள். ரத்தம் பாசிட்டிவ். உடம்பில் நோயின் சுவடு கிடையாது. கணவனுக்கோ மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ நோய் இல்லை. மருந்து கொடுத்தாலும் ரத்தம் மாறுவதில்லை.

மலேரியா, தொழுநோய் வந்தவர்களுக்கும், அம்மைக் குத்திக்கொண்ட சிலருக்கும் ரத்தம் இப்படிப் பாசிட்டிவ் ஆகும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. தொழுநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் இது சிறிய சங்கதி அல்ல. போர்க்காலத்தில் அம்மைக் குத்திக்கொண்ட சிப்பாய்களுக்குப் பாசிட்டிவ் வந்து, சில மாதங்களில் தானே மறைந்ததையும் ராணுவ மருத்துவர்கள் கண்டார்கள். ஆனால் மூரின் இந்த நோயாளிகளுக்கு அப்படி ஒரு காரணமும் அகப்படவில்லை. இவர்கள் பொய் சொல்கிறார்களா, ரத்தம் பொய் சொல்கிறதா? முடிவுசெய்ய ஒரே வழி, கிருமியையே சாட்சிக்கூண்டில் ஏற்றுவது.

1949-ல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபர்ட் நெல்சனும் மேன்ஃப்ரெட் மேயரும் அதைச் செய்தார்கள். மேகநோய்க் கிருமியை வெறும் தட்டில் வளர்க்க முடியாது. முயலின் விதைப்பையில் வளர்த்து, உயிரோடு எடுத்து, நோயாளியின் சீரத்தோடும் கினிப்பன்றிச் சீரத்தோடும் கலந்து வைத்தார்கள். சுமார் 18 மணி நேரம் கழித்து நுண்ணோக்கியின் கீழ் பார்த்தார்கள். திருகுச் சுருள் போன்ற கிருமிகள் அசையாமல் கிடந்தால், அந்த ரத்தத்தில் அவற்றுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறது, நோய் உண்மை. அவை பாட்டுக்குச் சுழன்று நீந்திக்கொண்டிருந்தால், அந்த உடம்பு இந்தக் கிருமியைச் சந்தித்ததே இல்லை. வாசர்மனுக்கு 43 ஆண்டுகள் கழித்து, கிருமியை நேராகக் கேட்கும் ஒரு பரிசோதனை வந்தது. செலவு அதிகம், முயல் வேண்டும், சில லேபுகளால்தான் முடியும். ஆனால் பதில் தெளிவு.

மூர் தன் நோயாளிகளின் ரத்தத்தை அந்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பலருடைய சீரத்தில் கிருமிகள் நீந்திக்கொண்டே இருந்தன. சந்தேகப்பட்டு, தடம்பிடித்து, ஊசி போட்ட மனிதர்களில் பலர் சொன்னது ஆரம்பத்திலிருந்தே உண்மை. 1952-ல் மூரும் சார்லஸ் மோரும் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் இதை வெளியிட்டார்கள். வாழ்நாள் முழுக்க அந்தப் பரிசோதனையை வைத்து மருத்துவம் செய்த ஒருவர், அதன் தவறுகளை வகை பிரித்து எழுதியது மருத்துவ உலகில் அபூர்வம். அதற்காக மூருக்குத் தலைவணங்க வேண்டும்.

அந்த வகைகள் இரண்டு. ஆறு மாதத்துக்குள் மறையும் பொய் பாசிட்டிவ்; அம்மைக் குத்தலும் காய்ச்சலும் உண்டாக்குவது இது. ஆறு மாதம் தாண்டியும், ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கூட்டத்தில் பெண்களே அதிகம்.

‘உங்களுக்கு நோய் இல்லை, போய் நிம்மதியாக இருங்கள்’ என்று சொல்லி மூர் அவர்களை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. தொடர்ந்து கவனித்தார். அவர்களில் சிலர் மூட்டு வலியோடும், காய்ச்சலோடும், கன்னத்தில் சிவந்த தடிப்போடும் திரும்பி வந்தார்கள். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. அதே 1952-ல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜான் ஹேசரிக்கும் அவருடைய கூட்டாளியும், இதேபோலப் பொய் பாசிட்டிவ் வந்த ஐந்து பேருக்குப் பின்னாளில் ஒரே நோய் வந்ததாக எழுதினார்கள். அது மேகநோய் அல்ல. கிருமியால் வருவதும் அல்ல.

அந்த நோயின் பெயரும், அதைத் தேடிப் போனவர்கள் லண்டனில் 1983-ல் கண்டறிந்த இன்னொரு நோயும் அடுத்த வாரம். அடுத்தடுத்துக் கருக்கலைந்த பெண்கள் பலருக்கு அந்த லண்டன் கண்டுபிடிப்பு ஒரு காரணம் சொன்னது.

(தொடரும்)